ஒரு கையெழுத்தின் கனம்: அமெரிக்கக் குடியேற்றப் பிணையின் வரலாறும் நம் கஃபாலா மரபும்



நிக்காஹ் முடிந்திருக்கும். மஹரும் கொடுத்தாகிவிட்டது, வலீமா விருந்தும் நடந்தாகிவிட்டது. மணமகன் அமெரிக்காவுக்குத் திரும்பிவிடுவார். மணமகள் தாய்வீட்டில் விசாவுக்காகக் காத்திருப்பார். மாதங்கள் சென்றபின், மணமகனின் வருமானம் சட்டம் கேட்கும் அளவுக்கு எட்டவில்லை என்பது தெரியவரும். அப்பொழுதுதான் ஜும்ஆ முடிந்து வெளியே வரும் ஒரு சகோதரரின் கையைப் பிடித்து அந்த வேண்டுகோள் வைக்கப்படும்: "பாய், ஒரு கையெழுத்துதான். பேருக்குத்தான். உங்களுக்கு ஒரு செலவும் வராது."

அந்தக் கையெழுத்து உண்மையிலேயே பேருக்கு மட்டும் இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலம் 1997ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. ஆயினும் நம்மிடையே பழைய பேச்சே வழங்கிவருகிறது. ஒரு கையெழுத்து எவ்வாறு வெறும் நல்லெண்ண வாக்கிலிருந்து நீதிமன்றத்தில் வழக்காடத்தக்க கடனாக மாறியது என்பதை அறிந்துகொண்டால், அதைக் கேட்பவரும் இடுபவரும் இன்னும் பொறுப்போடு நடந்துகொள்வர். அந்த நோக்கத்தோடே இவ்வரலாற்றை இங்கே எழுதுகிறோம்.

கப்பல் தலைவரிடம் கேட்ட பிணை

இங்கிலாந்தின் பழைய ஏழையர் சட்டங்களின்படி, ஒவ்வோர் ஊரும் தன் ஊர் ஏழைகளைத் தானே காக்க வேண்டும். அந்த மரபைக் குடியேறிகள் தம்முடன் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தனர். தன் ஏழைகளைத் தானே காக்கும் ஊர், புதிதாக வருபவனை ஐயத்தோடு நோக்குவது இயல்பு. ஆகவே நியூயார்க், மாசசூசெட்ஸ் போன்ற கடலோர மாநிலங்கள் கப்பல் தலைவர்களிடம் தலைக்கு இவ்வளவு என வரி வாங்கின. ஏழைகளாகத் தோன்றிய பயணிகளுக்காகப் பிணைப் பத்திரமும் கேட்டன. அவர்கள் பின்னாளில் ஊருக்குச் சுமையானால் அந்தச் செலவு பிணை தந்தவரைச் சேரும்.

1849இலும் 1876இலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவ்வகை மாநிலச் சட்டங்களைச் செல்லாதவையாக்கியது. வெளிநாட்டார் வருகையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கே உரியது என்பது அத்தீர்ப்புகளின் சாரம். அதன் விளைவாக 1882ஆம் ஆண்டு ஒன்றிய அரசே குடியேற்றச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஒவ்வொரு பயணிக்கும் 50 சென்ட் வரி விதிக்கப்பட்டது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாமல் பொதுப் பணத்துக்குச் சுமையாகக் கூடியவர்கள் கரையிறங்கத் தடை செய்யப்பட்டனர். 1891இல் அச்சொற்கள் மேலும் விரிந்தன. இப்போது சுமையாக 'இருப்பவர்' மட்டுமின்றிச் சுமையாகக் 'கூடும்' என்று அதிகாரி கருதுபவரும் திருப்பி அனுப்பப்படலாம். எதிர்காலத்தைப் பற்றிய ஓர் ஊகம் சட்டமாயிற்று. அந்தப் 'பொதுச் சுமை' என்னும் சொல்லே இன்றுவரை குடியேற்றச் சட்டத்தின் வாசற்படியில் நிற்கிறது.

எல்லிஸ் தீவும் ஏஞ்சல் தீவும்

1892இல் நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டது. தனியாக வந்த பெண்கள் அங்கே தடுத்து வைக்கப்பட்டனர். தந்தையோ கணவனோ உறவினரோ வந்து பொறுப்பேற்றால்தான் வெளியே செல்ல முடியும். மணம் பேசப்பட்டு வந்த பெண்களை, வருங்காலக் கணவன் நேரில் வந்தும் உடனே அனுப்பாமல், திருமணம் முடித்த பின்பே அனுப்பிய நிகழ்வுகளும் உண்டு. திருமணமும் பொருளாதாரப் பொறுப்பும் குடியேற்றமும் ஒரே மேசையில் சந்திப்பது இன்று நேற்று தொடங்கியதன்று.

மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில், 1910இல் ஏஞ்சல் தீவு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து வந்த உழைப்பாளிகள் அங்கேதான் இந்தப் 'பொதுச் சுமை' விதியின் கூர்மையை உணர்ந்தனர். வந்தவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபியர். சீக்கியரோடு முஸ்லிம்களும் இருந்தனர். அவர்கள் உடல் வலிமை உள்ளவர்கள், வேலைக்கு அஞ்சாதவர்கள். ஆயினும் அதிகாரிகள் ஒரு விந்தையான காரணம் சொன்னார்கள்: இந்தியர்மீது இங்கே வெறுப்பு நிலவுகிறது, ஆகவே இவர்களுக்கு வேலை கிடைக்காது, ஆகவே இவர்கள் பொதுச் சுமையாகிவிடுவர். பிறருடைய வெறுப்பே வந்தவனின் குற்றமாகக் கணக்கில் எழுதப்பட்டது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதியின் பெரும்பங்கையே தடை செய்துவிட்டது. 1946இல்தான் இந்தியருக்கு ஆண்டுக்கு 100 பேர் என்னும் சிறு பங்கு கிடைத்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே நம் நாட்டுக் குடும்பங்கள் பெருமளவில் அங்கே செல்ல வழி பிறந்தது.

தாளால் ஆன சுவர்

1929இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. 1930 செப்டம்பரில் அதிபர் ஹூவரின் அரசு, பொதுச் சுமை விதியை மிகக் கடுமையாகப் பொருத்துமாறு வெளிநாட்டுத் தூதரகங்களுக்கு அறிவுறுத்தியது. புதிய சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. பழைய சொற்களுக்கே புதிய கடுமை ஏற்றப்பட்டது.

மூன்று ஆண்டுகளில் ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். உயிருக்கு அஞ்சிய யூதர்கள் அமெரிக்கத் தூதரகங்களின் வாசலில் வரிசையில் நின்றனர். தம் சொத்தைப் பறிகொடுத்தவர்களிடம், நீங்கள் சுமையாக மாட்டீர்கள் என்பதற்குச் சான்று என்ன என்று கேட்கப்பட்டது. அப்பொழுதுதான் 'ஆதரவு உறுதிமொழிப் பத்திரம்' உயிர் காக்கும் தாளாயிற்று. அமெரிக்காவில் இருக்கும் ஒருவர், வருமான வரிக் கணக்கும் வங்கிச் சான்றும் இணைத்து, இவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என எழுதித் தர வேண்டும். உறவினர் இல்லாதவர்கள், தம் குடும்பப் பெயரையே கொண்ட முன்பின் அறியாதவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினர். ஜெர்மனிக்கென ஒதுக்கப்பட்ட ஆண்டுப் பங்கு 1930களின் பெரும்பகுதியில் நிரம்பவே இல்லை. ஆஸ்திரியாவோடு சேர்ந்த 27,370 இடங்களும் 1939இல்தான் முழுமையாக நிரம்பின. இடம் இருந்தது, மனிதரும் இருந்தனர், இடையில் தாள் இல்லை.

இவ்வரலாற்றை நாம் நினைவில் வைப்பது நல்லது. பிணை கேட்கும் சட்டம் ஒன்றே. அது எவ்வாறு கையாளப்படுகிறது என்பதைப் பொறுத்து அது ஒழுங்காகவும் அமையலாம், கொடுமையாகவும் அமையலாம்.

வாக்கு, வெறும் வாக்கு

போருக்குப் பின் சில மாநில அரசுகள் அந்தப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் சென்றன. குடியேறிய ஒருவர் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அதன் செலவை அவருக்காக உறுதிமொழி எழுதியவர் தர வேண்டும் என்று கோரின. 1950களின் இறுதியில் நியூயார்க், மிச்சிகன் நீதிமன்றங்கள் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. அந்த உறுதிமொழி ஒழுக்கக் கடமையை மட்டுமே உண்டாக்குகிறது. சட்டக் கடமையை உண்டாக்கவில்லை என்று தீர்ப்பளித்தன.

அடுத்த சுமார் நாற்பது ஆண்டுகள் இந்நிலையே நீடித்தது. "பேருக்குக் கையெழுத்து" என்னும் பேச்சு பிறந்தது இக்காலத்தில்தான். 1965க்குப் பின் சென்ற நம் பெரியவர்கள் பலர் இத்தகைய பத்திரங்களை எளிதாக எழுதிக்கொடுத்தனர். ஒரு தீங்கும் நேரவில்லை. அவர்களின் அனுபவம் உண்மையானது. ஆனால் அவர்கள் கையெழுத்திட்ட பத்திரம் வேறு. இன்று நம்முன் இருக்கும் பத்திரம் வேறு.

1996: வாக்கு கடனாயிற்று

1996 செப்டம்பர் 30 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் இதை அடியோடு மாற்றியது. குடும்ப உறவின் அடிப்படையில் கிரீன் கார்டு பெறும் ஏறத்தாழ எல்லாருக்கும் ஸ்பான்சரின் உறுதிமொழி கட்டாயமாயிற்று. அந்த உறுதிமொழி நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தம் என்று சட்டமே அறிவித்தது. ஐ-864 என்னும் எண் கொண்ட அப்படிவம் 1997 டிசம்பர் 19 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதன் சாரம் இதுதான். ஸ்பான்சரின் குடும்ப வருமானம், அமெரிக்க அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வறுமை வரம்பில் 125 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. படையில் பணிபுரிபவர் தம் துணைவரையோ குழந்தையையோ அழைத்தால் 100 விழுக்காடு போதும். 2025ஆம் ஆண்டு வரம்பின்படி, அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான மாநிலங்களில், கணவனும் மனைவியுமாக இருவர் உள்ள குடும்பத்துக்கு 26,437 டாலர். நால்வர் உள்ள குடும்பத்துக்கு 40,187 டாலர் ஆண்டு வருமானம் வேண்டியிருந்தது. குறைந்தால், உடன் வாழும் குடும்பத்தாரின் வருமானத்தைச் சேர்க்கலாம். சொத்தையும் காட்டலாம், குடிமகனின் துணைவர் எனில், குறைகிற தொகையைப் போல் மூன்று மடங்கு சொத்து தேவை. அதுவும் இயலாவிடில் 'கூட்டு ஸ்பான்சர்' ஒருவரை நாடலாம். அவர் குடிமகனாகவோ நிரந்தரக் குடியுரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். உறவினராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய வருமானம் தனித்தே அந்த வரம்பை எட்ட வேண்டும்.

இங்கே பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. கூட்டு ஸ்பான்சர் பாதிப் பொறுப்பை ஏற்பவர் அல்லர். முழுப் பொறுப்பையும் ஏற்பவர். மனுச் செய்த கணவரும் தம் படிவத்தில் கையெழுத்திட்டே ஆக வேண்டும். இருவரில் எவரிடமும் முழுத் தொகையைக் கோரலாம்.

இந்தப் பொறுப்பு எப்பொழுது முடியும்? வந்தவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றால் முடியும். அல்லது 40 காலாண்டுகள், அதாவது ஏறத்தாழப் பத்தாண்டுகள், உழைத்த கணக்கு அவர் பெயரில் சேர்ந்தால் முடியும். அல்லது அவர் நிரந்தரக் குடியுரிமையை விட்டு நாட்டைவிட்டே சென்றால் முடியும். இருவரில் ஒருவர் இறந்தாலும் முடியும். தலாக்கினாலோ குல்உவினாலோ நீதிமன்ற மணமுறிவினாலோ முடியாது. 2012இல் ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், வந்தவர் வேலை தேடவில்லை என்று காட்டி ஸ்பான்சர் தம் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள முடியாது என்றது. 2016இல் ஒன்பதாம் வட்டார நீதிமன்றம், மணத்துக்கு முன் எழுதிக்கொண்ட உடன்படிக்கையோ மணமுறிவுத் தீர்ப்போ இந்தக் கடமையை நீக்காது என்றது. இதுதான் அந்த "ஒரு கையெழுத்து".

தானியமும் வறுமைக் கோடும்

இந்த 125 விழுக்காட்டின் அடியில் இருக்கும் வறுமை வரம்பு எங்கிருந்து வந்தது? 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் துறையில் பணியாற்றிய மோலி ஓர்ஷான்ஸ்கி என்னும் பெண் ஆய்வாளர் வகுத்த கணக்கே அதன் வேர். குடும்பங்கள் தம் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டன என்று 1955ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. அவர் மிகச் சிக்கனமான உணவுத் திட்டத்தின் செலவை மூன்றால் பெருக்கினார். அந்தத் தொகை, விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தப்பட்டு, இன்று மணமக்களின் கோப்பில் வந்து நிற்கிறது.

இதைப் படிக்கும்போது நம் ஷாஃபிஈ ஃபிக்ஹ் நூல்கள் நினைவுக்கு வருகின்றன. மனைவியின் நஃபகாவை அவையும் உணவிலிருந்தே அளந்தன. வசதியுள்ள கணவன் நாளொன்றுக்கு இரண்டு முத்து தானியம், நடுத்தரமானவன் ஒன்றரை முத்து, ஏழை ஒரு முத்து தர வேண்டும் என்று வகுத்தன. உடை, உறைவிடம் இவற்றுக்கும் அவ்வாறே படிநிலை உண்டு. இரண்டு கணக்குகளும் பசியில்தான் தொடங்குகின்றன. ஆனால் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அமெரிக்கச் சட்டம் ஒரு கோட்டைக் கிழித்து, அதற்குக் கீழே நிற்பவனை வேறு பிணை கொண்டுவரச் சொல்கிறது. ஃபிக்ஹோ ஏழைக்கும் ஒரு படியை வைத்து, அவனால் இயன்றதை அவன்மீது கடமையாக்குகிறது. வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் உள்ளவர் அல்லாஹ் தமக்குத் தந்ததிலிருந்தும் செலவிட வேண்டும் என்பது திருக்குர்ஆன் (65:7) தரும் நெறி.

இதனால் மார்க்கம் பொருளாதாரத் தகுதியைப் புறக்கணிக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. இரும்பு மோதிரம்கூட இல்லாத ஒருவருக்கு, அவர் மனனம் செய்திருந்த குர்ஆன் பகுதிக்காக நபி (ஸல்) அவர்கள் மணமுடித்து வைத்தார்கள். அதே நபி (ஸல்) அவர்கள், ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டபோது, மணம் பேசிய ஒருவர் பொருளற்றவர் என்பதை வெளிப்படையாகச் சொன்னார்கள். ஏழ்மை நிக்காஹ்வுக்குத் தடையன்று. ஆனால் அதை மறைப்பதற்கு இடமில்லை. உமர் (ரலி) அவர்கள், மனைவியரை விட்டு நெடுநாள் விலகியிருந்த ஆண்கள் செலவுத்தொகை அனுப்ப வேண்டும், அல்லது மணவிலக்களிக்க வேண்டும் என்று தளபதிகளுக்கு எழுதியதும் இதே நெறியில்தான்.

ஜாமீன் நின்றவர் பொறுப்பாளி

பிறருக்காகப் பிணை நிற்பதை நம் மரபு கஃபாலா என்றும் ளமான் என்றும் அழைக்கிறது. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில், காணாமற்போன அளவுக் குவளையைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் உண்டு என்று அறிவித்தவர், அதற்குத் தாமே பொறுப்பு என்று கூறியதை (12:72) அறிஞர்கள் இதற்குச் சான்றாகக் காட்டுவர். பிணை நின்றவரே ஈடு செய்ய வேண்டியவர் என்பது நபிமொழி.

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இறந்தவர் கடன் விட்டுச் சென்றார். அதை அடைக்கப் பொருள் ஏதும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் தாமே தொழுவிக்காமல், உங்கள் தோழருக்கு நீங்களே தொழுங்கள் என்றார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் முன்வந்து அக்கடனைத் தம்மீது ஏற்றபின்னரே நபியவர்கள் தொழுவித்தார்கள். அங்கே தாளும் இல்லை, மையும் இல்லை. ஒரு சொல் ஒரு கடனை ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு மாற்றியது.

1950களின் அமெரிக்க நீதிமன்றங்கள் ஒழுக்கக் கடமை, சட்டக் கடமை என்று இரண்டாகப் பிரித்தன. நமக்கு அப்பிரிவினை அத்தனை எளிதன்று. எந்த நீதிமன்றமும் கேட்காவிட்டாலும், கொடுத்த வாக்கைப் பற்றி விசாரிக்கப்படும் என்பது (17:34) நம் நம்பிக்கை. ஆகவே 1996இல் அமெரிக்கச் சட்டம் கண்ட மாற்றம் ஒரு முஸ்லிமின் மனச்சான்றுக்குப் புதியதாகத் தோன்ற வேண்டியதில்லை. "பேருக்குக் கையெழுத்து" என்பது சட்டம் அனுமதித்த காலத்திலும் நமக்குப் பொருந்தாத சொல்லே.

மனைவி ஸ்பான்சராகும்போது

அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த நம் பெண்மக்கள், ஊரிலுள்ள மாப்பிள்ளையை மணந்து அழைத்துக்கொள்வதும் இன்று வழக்கம். அப்பொழுது அப்படிவத்தில் பொறுப்பேற்பவர் மனைவி. நஃபகா கணவன்மீது கடமை என்று கற்ற நமக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். கணவரின் கடமை இதனால் நீங்கிவிடாது. அவருக்கு வேலை கிடைத்தவுடன் அது அவரையே சேரும். ஆனால் இடைக்காலத்தில் மனைவி சுமப்பது இழிவன்று. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஸைனப் (ரலி) அவர்கள், தம் கணவருக்கும் தம் பொறுப்பில் உள்ள அநாதைகளுக்கும் செலவிடுவது தர்மமாகுமா என்று கேட்டபோது, உறவைப் பேணிய கூலி, தர்மத்தின் கூலி என இரு கூலிகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். வசதியுள்ள மனைவி வறிய கணவனைத் தாங்குவது கடமையே என்றுகூட அந்தலூசிய அறிஞர் இப்னு ஹஸ்ம் கருதினார். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் இக்கையெழுத்தைத் தமக்குரிய உரிமைபோல் கருதாமல், அப்பெண் செய்யும் பேருதவியாகக் கருத வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நடைமுறைக்குச் சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

பெண் பார்க்கும்போதே வருமானத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். நிக்காஹ்வுக்குப் பின் தெரியவரும் குறை, மணப்பெண்ணின் காத்திருப்பை ஆண்டுகளாக நீட்டிவிடும்.

கூட்டு ஸ்பான்சராக வருமாறு கேட்பவர், அப்பொறுப்பு எவ்வளவு காலம் நீளும் என்பதையும், மணமுறிவாலும் அது முடியாது என்பதையும் முதலில் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். மறைத்து வாங்கும் கையெழுத்து ஒரு சகோதரனை ஏமாற்றுவதாகும். அவர் மறுத்தால் அதை உறவுமுறிவாகக் கொள்ளலாகாது.

பொறுப்பேற்பவர் தம் மனைவியிடம் கலந்து பேசுவது முறை. அந்தச் சுமை அவர்கள் குடும்பத்தின்மீதும் விழக்கூடும். இரு தரப்பும் தமக்குள் பேசிக்கொண்டதைச் சாட்சிகளோடு எழுதி வைப்பது, கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் இறைக்கட்டளைக்கு (2:282) ஏற்றது. அத்தகைய எழுத்து அரசுக்கோ வந்தவருக்கோ உரிய கடமையைக் குறைக்காது. ஆனால் மணமகனின் குடும்பம் தன் பங்கை மறவாதிருக்க உதவும்.

பிணை நிற்பதற்குக் கூலி வாங்குவதைப் பெரும்பாலான ஃபிக்ஹ் அறிஞர்கள் தடுத்துள்ளனர். அது நன்மை நாடிச் செய்யும் உதவி. அவ்வாறே, இல்லாத வருமானத்தைக் காட்டுவதும், சில நாள்களுக்குக் கடன்வாங்கி வங்கியில் பணம் வைத்துச் சொத்தாகக் காட்டுவதும் பொய்ச்சாட்சியத்தின் வகையைச் சேர்ந்தவை. ஹலாலான இல்வாழ்க்கையைப் பொய்யின்மீது தொடங்க வேண்டாம்.

மணம் முறிந்தபின்னும் தொடரும் இந்தச் சட்டக் கடமை, இத்தாக் காலத்தோடு நிறைவுறும் நஃபகாவோடு எவ்வாறு பொருந்தும் என்பது நுட்பமான கேள்வி. அதைத் தகுதியுள்ள ஆலிம்களிடமும், சட்டப் பகுதியை வழக்குரைஞர்களிடமும் கேட்டறிய வேண்டும். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்னும் பொதுக்கட்டளை (5:1) மட்டும் எந்நிலையிலும் நம்முன் நிற்கிறது.

எல்லிஸ் தீவின் மரப்பலகையில் அமர்ந்து யாரேனும் வந்து பொறுப்பேற்பாரா என்று காத்திருந்த பெண்ணும், இன்று தாய்வீட்டில் காத்திருக்கும் நம் வீட்டுப் பெண்ணும் ஒரே கேள்வியைத்தான் சுமக்கிறார்கள். அக்கேள்விக்கு ஒரு சகோதரர் முழுமனத்தோடு, முழுவதும் அறிந்து கையெழுத்திட்டால், அது ஒரு குடும்பத்தை ஒன்றுசேர்க்கும் பெரும் நற்செயல். தன் சகோதரனின் துன்பத்தை நீக்குபவரின் துன்பத்தை மறுமையில் அல்லாஹ் நீக்குவான் என்னும் நற்செய்தி அவருக்கு உண்டு.

பிரிந்திருக்கும் தம்பதியரை அல்லாஹ் விரைவில் சேர்த்து வைப்பானாக. நாம் கொடுத்த வாக்குகளை நிறைவேற்றும் வலிமையையும், நிறைவேற்ற இயலாத வாக்கைக் கொடுக்காதிருக்கும் தெளிவையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.